சென்சாரை வரைபடத்தில் கட்டிவிட்டால் போதுமா?

கேள்வி (3 பிப்ரவரி)

மருந்துக் குளிர்கிடங்கு ஒன்றின் செயல்முறையை பிபிஎம்என் 2.0-இல் (செயல்முறைகளைப் படமாக வரைவதற்கான குறியீட்டு முறை) வரைந்துகொண்டிருக்கிறேன். வெப்பநிலை 8 டிகிரியைத் தாண்டினால் விசாரணை தொடங்க வேண்டும். நிபந்தனை உண்மையானதும் கிளம்பும் கண்டிஷனல் ஈவென்ட் ஒன்றை வைத்து, நிபந்தனையில் "வெப்பநிலை > 8" என்று எழுதினேன். வரைபடத்தை இயக்கும் மென்பொருளான என்ஜினில் அழகாக ஓடுகிறது. ஆனால் எங்கே கேட்டாலும் "பௌதிக உலகத்தோடு உறவாடும் செயல்முறைக்கு பிபிஎம்என் போதாது, நீட்டிப்பு வேண்டும், புதுக் குறியீடு வேண்டும்" என்கிறார்கள். சென்சார் என்பது எண்ணைத் தரும் இன்னொரு சாஃப்ட்வேர்தானே? இதில் அப்படி என்ன பெரிய விஷயம்?

பதில் (3 பிப்ரவரி, இரவு)

ஓடும். ஓடுவதுதான் தொல்லை.

கண்டிஷனல் ஈவென்டைத் தொடக்க ஈவென்டாக வைத்தால், விதிப்படி நிபந்தனை ஒருமுறை பொய்யாகி மறுபடி உண்மையானால்தான் அது அடுத்த முறை கிளம்பும். காகிதத்தில் நியாயமான விதி. சென்சாரோ 7.9, 8.1, 7.9, 8.1 என்று ஆடிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் நிபந்தனை பொய்யாகி உண்மையாகிறது, ஒவ்வொரு தடவையும் புது விசாரணை ஒன்று திறக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு கிடங்கில் இது நடந்தது. லாரியில் சரக்கு ஏற்றும் நேரத்தில் கதவு திறந்து திறந்து மூடும். பணிப்பட்டியலில் ஒரே விசாரணை வரிசையாக வந்து நிற்கும். முதலில் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். அப்புறம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து "முடிந்தது" என்று தட்டிவிட்டார்கள். உண்மையிலேயே குளிரூட்டி நின்றுபோன நாளின் விசாரணையும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து "முடிந்தது".

கட்டுப்பாட்டுப் பொறியாளர்களிடம் இதற்கு மருந்து பல காலமாக இருக்கிறது. 8-ஐத் தாண்டினால் திற, 7-க்குக் கீழே இறங்கினால்தான் மூடு. நடுவில் இருக்கும் ஒரு டிகிரி, ஆட்டத்தை விழுங்கிவிடும். அதோடு ஒரு தாமதம்: 10 நிமிடம் தொடர்ந்து மேலே இருந்தால்தான் கணக்கு. இரண்டையும் வரைபடத்துக்குக் கீழே, சென்சாருக்கும் என்ஜினுக்கும் இடையிலான அடுக்கில் வையுங்கள். வரைபடத்துக்கு "வெப்பநிலை மீறல் தொடங்கியது", "மீறல் முடிந்தது" என்று இரண்டு செய்திகள் மட்டும் வரட்டும்.

4 பிப்ரவரி, காலை

நேற்று எழுதியதில் பாதியை மாற்றிச் சொல்கிறேன்.

அந்த ஒரு டிகிரி இடைவெளி கீழேயே இருக்கட்டும். அது கருவியின் நடுக்கத்துக்கான வைத்தியம், மேலாளர் யாரும் அதைப் பற்றி முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 10 நிமிடம்? அது யார் சொன்ன 10 நிமிடம்? இந்தச் சரக்கு இவ்வளவு நேரம் தாங்கும் என்பது தரப்பிரிவின் தீர்ப்பு. அதைக் கொண்டுபோய் சென்சாரை நெட்வொர்க்கோடு இணைக்கும் கேட்வே சாதனத்தின் கான்ஃபிக் கோப்பில் ஒளித்து வைத்தால், அடுத்த வருடம் வேறு சரக்கு வரும்போது அப்படி ஓர் எண் இருப்பதே யாருக்கும் தெரியாது. எத்தனையோ இடங்களில் இப்படிப்பட்ட எண்ணைத் தோண்டி எடுத்திருக்கிறேன். "யார் வைத்தது?" என்று கேட்டால், கருவியை மாட்ட வந்தவர் வைத்தார் என்பார்கள். அவர் ஊரில் இல்லை.

ஆகவே நடுக்கத்தை அடக்குவது கீழே, எவ்வளவு நேரம் தாங்கலாம் என்பது மேலே. மேலே என்றால் ஒரு டிஎம்என் (முடிவு விதிகளை எழுதும் குறியீட்டு முறை) முடிவு அட்டவணையில், சரக்கு வகைக்கு ஒரு வரி. தரப்பிரிவுத் தலைவர் திறந்து படிக்கக்கூடிய இடத்தில்.

4 பிப்ரவரி, மாலை

இன்னொன்று விட்டுப்போனது. "வெப்பநிலை" என்று எழுதியிருக்கிறீர்களே, எதனுடைய வெப்பநிலை?

கதவருகே தொங்கும் சென்சார் காற்றை அளக்கிறது. கதவு திறந்த சில நிமிடங்களில் காற்று சூடாகிவிடும். பெட்டிக்குள் இருக்கும் குப்பிக்கு அது தெரிய வெகு நேரம் ஆகும். கதவை மூடியதும் காற்று சட்டென்று குளிர்ந்துவிடும், குப்பி மெதுவாகத்தான் திரும்பும். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் வைப்பது மாதிரி. அதனால்தான் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளில் சென்சாரின் முனையை கிளைக்கால் நிரம்பிய சிறு புட்டிக்குள் வைக்கிறார்கள். அந்தத் திரவம் குப்பியைப் போல மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிரும்.

வரைபடத்தில் மாறியின் பெயரையே "கதவருகுக் காற்றின் வெப்பநிலை" என்று நீட்டி எழுதிப் பாருங்கள். அடுத்த கூட்டத்திலேயே யாராவது "அதை வைத்தா சரக்கை நிராகரிக்கிறோம்?" என்று கேட்பார்.

7 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். சரி, குப்பியின் வெப்பநிலையையே அளந்துவிட்டால் 8 டிகிரி எல்லை போதுமா என்கிறார்.

போதாது. வெப்பத்தால் வரும் கெடுதல் கூடிக்கொண்டே போகும். 9 டிகிரியில் வெகு நேரம் இருந்ததும், 30 டிகிரியில் கொஞ்ச நேரம் இருந்ததும் ஒரே அளவு சேதத்தைக் கொண்டுவரலாம். எல்லையை எத்தனை முறை தாண்டியது என்று எண்ணுவதால் இது பிடிபடாது. தாண்டி எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கூட்டிக்கொண்டே வர வேண்டும்.

இதை மிக எளிமையாகச் செய்துகாட்டும் பொருள் ஒன்று உண்டு. தடுப்பூசிக் குப்பி மேல் ஒட்டும் வில்லை, விவிஎம் என்பார்கள். போலியோ சொட்டுமருந்துக் குப்பிகளில் 1996-இல் வந்தது. வெளியே ஒரு வட்டம், உள்ளே வெளிர்நிறச் சதுரம். வெப்பம் பட்ட நேரத்துக்கும் அளவுக்கும் ஏற்ப சதுரம் கறுத்துக்கொண்டே வரும், திரும்ப வெளுக்காது. சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. பேட்டரி கிடையாது, நெட்வொர்க் கிடையாது, என்ஜின் கிடையாது. செயல்முறையின் மாறி பொருளின் மேலேயே ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. எந்த கம்பெனியின் கையில் இருந்தபோது கறுத்தது என்ற வழக்கு தனி. குப்பியைக் கையில் எடுத்த நர்ஸுக்கு அது தேவையும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த சிக்கல்: இந்த வில்லை உறைதலைக் காட்டாது. அலுமினிய உப்பு சேர்ந்த சில தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்தாலே கெட்டுவிடும், அங்கே கூட்டிக்கொண்டு வருவதற்கு ஒன்றுமில்லை. உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் குப்பியைக் குலுக்கி வைத்து வண்டல் எப்படிப் படிகிறது என்று பார்க்கும் சோதனைதான். ஒரே சென்சார், ஒரே வெப்பநிலை. மேல்பக்கம் கூட்டல் கணக்கு, கீழ்ப்பக்கம் ஒருமுறை நடந்தால் போயிற்று. நீங்கள் வரைந்த ஒற்றை ஈவென்டுக்குள் இந்த இரண்டும் அடங்காது.

நான் என்ன செய்கிறேன் என்றால், பெட்டிக்கென்று தனியாக ஒரு பூல் (ஒரு தரப்பின் வேலைகளை அடைக்கும் கட்டம்) வரைந்துவிடுகிறேன். மனிதர்கள் செய்யும் வேலை ஒரு பூலில், பெட்டியின் நிலை இன்னொன்றில்.

8 பிப்ரவரி

தனி பூல் என்றதும் ஒருவர் பாய்ந்து வந்துவிட்டார். பூல் என்பது பங்கேற்பாளர், செய்தி அனுப்பத் தெரிந்த தரப்பு, பெட்டி எங்கே செய்தி அனுப்புகிறது என்று. விதிப்புத்தகப்படி அவர் சொல்வது சரி. இதற்கு நாளை நீளமாக எழுதுகிறேன், அல்லது எழுதாமல் விடுகிறேன்.

9 பிப்ரவரி, நள்ளிரவு தாண்டி

அதற்கு முன் வேறு ஒன்று. இந்த இழையில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

1979 மார்ச் 28, பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். இரண்டாம் உலையில் அழுத்தம் ஏறியதும் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு திறந்தது. அழுத்தம் இறங்கியதும் மூட வேண்டும். மூடும் ஆணை போனது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்தது. அறையில் இருந்தவர்கள் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு காட்டியது வால்வை இயக்கும் சோலெனாய்டு என்ற மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டும். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது, உலையின் உட்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகியது.

இப்போது உங்கள் வரைபடத்தில் "குளிரூட்டியை இயக்கு" என்ற சர்வீஸ் டாஸ்கைப் (மென்பொருள் தானே செய்யும் பணி) பாருங்கள். ஏபிஐ 200 (கோரிக்கை ஏற்கப்பட்டது) என்று பதில் தந்ததும் டோக்கன் (செயல்முறை எங்கே நிற்கிறது என்று காட்டும் குறி) நகர்ந்துவிடும். அதுவும் அந்த விளக்கும் ஒன்றுதான். ஆணை போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. குளிரூட்டி ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே பௌதிக உலகத்தை மாற்றும் ஒவ்வொரு பணிக்குப் பிறகும் ஓர் ஈவென்ட் கேட்வே (எந்த நிகழ்வு முதலில் வருகிறதோ அந்தக் கிளையில் போகும் பிரிவு) வைக்கிறேன். ஒரு கிளையில் உறுதிச்செய்தி. அதுவும் ஆணையைப் பெற்ற கருவி சொல்வதாக இருக்கக் கூடாது, வேறோர் அளவீட்டிலிருந்து வர வேண்டும்: கம்ப்ரசரின் மின்னோட்டம், வெளிவரும் காற்றின் குளிர்ச்சி, இப்படி. இன்னொரு கிளையில் டைமர். மூன்றாவது கிளையை எல்லாரும் மறந்துவிடுவார்கள், முரண் வந்தால் என்ன செய்வது என்பது. கருவி "ஓடுகிறேன்" என்கிறது, காற்றோ சூடாகவே வருகிறது. யாரை நம்புவது?

த்ரீ மைல் ஐலண்டில் முரண்பட்ட சாட்சியும் இருந்தது. வால்வுக்கு அப்பால் உள்ள குழாயின் வெப்பநிலை அதிகமாகக் காட்டியது. ஆனால் அந்த வால்வு ஏற்கெனவே கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அந்த எண்ணை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது சென்சார் வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பழகிப்போன சின்னப் பழுது ஒன்று அந்தச் சென்சாரின் வாயை அடைத்துவிடும். அதனால் மூன்றாவது கிளையில் மனிதரிடம் ஒப்படைக்கும்போது, "இந்தக் கருவியில் ஏற்கெனவே தெரிந்த பழுது என்ன" என்ற தகவலும் அந்தப் பணியோடு சேர்ந்து போக வேண்டும்.

9 பிப்ரவரி, மதியம்

இது சாதனங்களுக்கு மட்டுமான விஷயம் என்று நினைக்காதீர்கள். "பெட்டி லாரியில் ஏறியது" என்ற ஈவென்ட் பெரும்பாலும் பார்கோட் ஸ்கேனிலிருந்து வருகிறது. ஸ்கேனர் பார்த்தது பார்கோடை. பெட்டியை ஏற்றியதை அது பார்க்கவில்லை.

ஒரு கிடங்கில் பெட்டிகளை லாரியில் ஏற்றிய நேரங்கள் நம்ப முடியாத அளவுக்குச் சீராக இருந்தன. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையே அதே ஒன்றிரண்டு நொடிகள். நேரில் போய்ப் பார்த்தால், ஏற்றுபவர் எல்லா லேபிளுக்கும் நகல் எடுத்து மேசைமேல் ஒட்டி வைத்திருந்தார். லாரி வந்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு அப்புறம் நிதானமாக ஏற்றுவார். அவர் சோம்பேறி இல்லை. ஸ்கேனரின் வயர் லாரிவரை எட்டவில்லை.

பிராசஸ் மைனிங் (பதிவுகளிலிருந்து செயல்முறையைக் கண்டெடுப்பது) செய்கிறவர்களுக்கு: இவ்வளவு சீரான பதிவைப் பார்த்ததும் மகிழாதீர்கள்.

9 பிப்ரவரி, பிற்பகல்

"லாரிக் கதவிலும் இன்னொரு ஸ்கேன் வைத்துவிடலாமே" என்கிறார் ஒருவர். வைக்கலாம். மேசையில் இரண்டு தாள் ஒட்டியிருக்கும்.

(லாரியின் எடையைப் பார்க்கலாம். நிஜமாகத்தான் சொல்கிறேன்.)

15 பிப்ரவரி

நேரம் பற்றி.

லாரி சிக்னல் இல்லாத பாதையில் போகிறது. வெப்பநிலையைப் பதியும் லாகர் அளந்து அளந்து சேமித்து வைக்கிறது. இறங்குமிடத்தில் சரக்கு இறங்கியாயிற்று, கையெழுத்தாயிற்று, செயல்முறை "நல்ல நிலையில் பெறப்பட்டது" என்ற முடிவு வட்டத்தை அடைந்துவிட்டது. அப்புறம்தான் லாகருக்கு நெட்வொர்க் கிடைத்து, நாலு மணி நேரத்துக்கு முந்தைய அளவீடுகள் கும்பலாக வந்து விழுகின்றன. அதில் 14 டிகிரி இருக்கிறது. அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ள உயிரோடு ஓர் இன்ஸ்டன்ஸ் (அந்தச் செயல்முறையின் ஓர் ஓட்டம்) கூட இல்லை. எத்தனையோ என்ஜின்கள் அதை "பொருந்தாத செய்தி" என்று ஒரு லாகில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடும்.

பார்கோட் தரநிலைகளை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின், சரக்கு நகர்வுகளைப் பதியும் ஈபிசிஐஎஸ் தரநிலை 2007-இல் முதலில் வந்தபோதே ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு நேரம் வைத்தார்கள்: நடந்த நேரம் ஒன்று, பதிவான நேரம் ஒன்று. 2022-இல் வந்த 2.0 பதிப்பில் சென்சார் அளவீடுகளுக்கும் இடம் தந்தார்கள். பிபிஎம்என் வரைபடத்தில் இந்த இரண்டு நேரத்துக்கும் வேறுபாடு காட்ட வழியே இல்லை. ஈவென்ட் என்றால் வந்து சேர்ந்த கணம்தான்.

நான் பார்த்தவரை மூன்று வழிகள் பழக்கத்தில் உள்ளன. லாகரைப் படிக்காமல் முடிவு வட்டத்துக்குப் போக விடாமல் தடுப்பது ஒன்று. சுத்தமான வழி, ஆனால் இறக்குமிடத்தில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், திட்டு உங்களுக்கு விழும். தாமதமாக வரும் சாட்சிக்கென்றே தனிச் செயல்முறை ஒன்றைத் தொடங்குவது இரண்டாவது. மூன்றாவது, யாரும் கவனிக்காமல் விடுவது. அதிகம் புழங்குவது இதுதான்.

எனக்கு இரண்டாவது பிடிக்கும். "பெறப்பட்டது" என்பதைத் தற்காலிக முடிவாக வைத்து, சரக்கு உறுதியாக விடுவிக்கப்படும் வரை ஒரு நிறுத்திவைப்பு நிலையில் வைக்க வேண்டும். சரக்கு அலமாரிக்குப் போகலாம், வெளியே போகக் கூடாது.

16 பிப்ரவரி

சரி, அந்த பூல் சண்டை.

ஆட்சேபித்தவர் சொல்வதை ஏற்றுக்கொண்டு என் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன், அவர் சொன்ன காரணத்துக்காக இல்லாவிட்டாலும். பெட்டிக்கு பூல் வரைந்தால் படிப்பவர்கள் அதற்குள் பணிகளைத் தேடுகிறார்கள். பெட்டி எந்தப் பணியும் செய்வதில்லை, அதற்கு நிலைகள்தான் உண்டு. அதனால் இப்போது பக்கத்தில் ஒரு நிலை வரைபடம் போடுகிறேன்: நல்லது, ஐயம், கெட்டது, தெரியவில்லை. வேலையின் வரைபடம் அதைப் பார்த்து முடிவெடுக்கும், தன் இஷ்டத்துக்கு மாற்றாது. "தெரியவில்லை" என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அளவீடு வரவில்லை என்றால் நல்ல நிலை என்று எடுத்துக்கொள்ளும் வரைபடங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

புதுக் குறியீடு வேண்டுமா என்ற முதல் கேள்விக்கும் இதிலேயே பதில். பிபிஎம்என் 2013-இல் ஐஎஸ்ஓ 19510 என்ற தரநிலையும் ஆகிவிட்டது. பணிச் சதுரத்தின் மூலையில் ஆன்டெனா படம் ஒட்டும் நீட்டிப்புகள் ஆய்வுக் கட்டுரைகளில் வந்துகொண்டே இருக்கின்றன. படம் அழகாக இருக்கிறது. ஆன்டெனா ஒட்டிய சதுரமும் ஆணை போனதும் முடிந்துவிட்டதாகத்தான் சொல்கிறது என்பதால் எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. பிபிஎம்என்-இன் டோக்கன் என்ற எண்ணத்துக்கு மூத்தது பெட்ரி வலை, வட்டங்களும் அம்புகளும் கொண்ட ஒரு கணித வரைபடம். அதை உருவாக்கிய கார்ல் ஆடம் பெட்ரியின் ஆய்வேடு 1962-இல் வந்தது. ஆனால் அந்தக் குறியீட்டை அவர் சிறுவனாக இருந்தபோது வேதிவினைகளை எழுதிவைக்கத்தான் உருவாக்கினார் என்று சொல்வார்கள். இரண்டு உள்ளே போய் ஒன்று வெளியே வரும், போனது போனதுதான். அதாவது வட்டமும் அம்பும் பொருளைக் காட்டத்தான் முதலில் வந்தன. நாம் அவற்றை அலுவலகத்துக்குக் கூட்டிவந்து கோப்பு நகர்த்தப் பழக்கிவிட்டு, இப்போது "பொருளைக் காட்டத் தெரியவில்லையே" என்று குறை சொல்கிறோம்.

17 பிப்ரவரி

நிலை வரைபடம் என்றதும் ஐஎஸ்ஏ-88 நினைவுக்கு வந்தது. தொகுதி தொகுதியாகத் தயாரிக்கும் ஆலைகளுக்கான தரநிலை, முதல் பகுதி 1995-இல். செய்முறை தனி, அதை ஓட்டும் கருவி தனி என்று அப்போதே பிரித்துவிட்டார்கள். அதே செய்முறையை வேறொரு கலனில் ஓட்டலாம். நிலைகளின் பட்டியலில் ஒரு நுணுக்கம் உண்டு: "நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது" ஒரு நிலை, "நிறுத்தத்தில் இருக்கிறது" இன்னொரு நிலை. கலக்கியை நிறுத்தச் சொன்னதும் அது நின்றுவிடாது, சுழன்று ஓய்ந்துதான் நிற்கும். அந்த இடைப்பட்ட நேரத்தில் மூடியைத் திறக்கலாமா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. பிசினஸ் வரைபடங்களில் இந்த இடைநிலை வருவதே இல்லை, சதுரத்துக்குள் நுழைந்தால் வெளியே வந்துவிடுகிறோம்.

2 மார்ச்

முடிந்த பணியைத் திரும்பப் பெறும் காம்பன்சேஷன் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பின்னோக்கிப் பார்க்கும் அந்த இரட்டை அம்புக்குறி. விமான டிக்கெட் பதிவு செய், ரத்து செய் என்ற உதாரணத்தோடு எல்லாப் பாடத்திலும் வரும்.

ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்டில் தண்ணீர் பட்ட கணத்தில் வேதிவினை தொடங்கிவிடுகிறது. ரெடிமிக்ஸுக்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் சி94 நெடுங்காலமாக ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்கச் சொல்லி வந்தது. லாரி தளத்துக்குப் போய்ச் சேர்கிறது, ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) சரியில்லை என்று பொறியாளர் திருப்பி அனுப்புகிறார். வரைபடத்தில்: ஆர்டர் ரத்து, காம்பன்சேஷன், எல்லாம் பழையபடி. லாரியின் டிரம்மில் சில கன மீட்டர் இறுகிக்கொண்டிருக்கிறது. அது எங்கே போகும்? யார் கழுவுவது? கழுவிய தண்ணீர் கடும் காரமாக இருக்கும், அதைச் சாக்கடையில் விட முடியாது. டிரம்முக்குள் இறுகிவிட்டால் ஆள் இறங்கி உடைத்து எடுக்க வேண்டும். இதில் எதுவும் பின்னோக்கிப் போகும் வேலை இல்லை. எல்லாமே புதுப் பணி, புதுப் பொருள், புது நேரக்கெடு.

அதனால் பௌதிகப் பொருள் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்த இரட்டை அம்பை நான் போடுவதே இல்லை. "நிராகரித்த கலவையைக் கையாள்" என்று முன்னோக்கி ஓடும் ஒரு துணைச் செயல்முறையை வரைந்து, அதற்கும் ஒரு டைமர் மாட்டிவிடுகிறேன். பணத்தைத் திருப்பும் பகுதிக்கு மட்டும் காம்பன்சேஷன் இருந்துவிட்டுப் போகட்டும், பணம் இறுகாது.

3 மார்ச்

கான்கிரீட்டை விட மனமில்லை. சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை) பிரிப்பதற்கு வரைபடத்தில் எல்லாரும் டைமர் வைக்கிறார்கள்: ஊற்றிய நாளிலிருந்து இத்தனை நாள். டைமரின் பின்னால் இருக்கும் ஊகம், கான்கிரீட் நாட்காட்டியைப் பார்த்து வலுப்பெறுகிறது என்பது.

அது வெப்பநிலையையும் பார்க்கிறது. உள்ளே சென்சார் புதைத்து, வெப்பநிலையை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகும் முறை ஒன்று 1950 வாக்கிலிருந்தே இருக்கிறது, நர்ஸ்–சால் கணக்கு என்பார்கள். ஏஎஸ்டிஎம் சி1074-இல் உள்ளது. அடிப்படை வெப்பநிலையை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், 10 டிகிரியில் மூன்று நாள் இருந்த கான்கிரீட்டுக்கு 720 டிகிரி-மணி சேரும். 25 டிகிரியில் இருந்ததற்கு அதே மூன்று நாளில் 1800. டைமருக்கு இரண்டும் ஒன்று.

7 பிப்ரவரியில் எழுதிய குப்பி வில்லையும் இதுவும் ஒரே கணக்குதான், திசை மட்டும் எதிர். அங்கே கெடுதல் கூடுகிறது, இங்கே வலிமை கூடுகிறது. இரண்டிலும் கேட்க வேண்டியது "எத்தனை மணி ஆனது" என்று இல்லாமல் "எவ்வளவு சேர்ந்தது" என்று. ஆகவே இப்போது என் வரைபடங்களில் டைமர் ஈவென்டைக் கண்டால், அது உண்மையிலேயே கடிகாரத்தைச் சார்ந்ததா, அல்லது எதையோ அளக்க முடியாத காலத்தில் வைத்த பதிலியா என்று கேட்டுவிடுகிறேன். சட்டக் கெடு, சம்பள நாள் போன்றவை முதல் வகை. காயவிடு, ஆறவிடு, ஊறவிடு என்று வருபவை பெரும்பாலும் இரண்டாவது.

3 மார்ச், சற்றுப் பிறகு

அவசரப்பட்டு எல்லா டைமரையும் பிடுங்கிவிடாதீர்கள். அந்தக் கணக்கு ஆய்வகத்தில் அதே கலவைக்குப் போட்ட வளைகோட்டை நம்பியிருக்கிறது. சிமெண்ட் மாறினாலோ கலவை மாறினாலோ வளைகோடு செல்லாது. க்யூரிங்குக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் சென்சார் அதைச் சொல்லாது, எண் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். டைமரையும் வைத்து, சேர்மானத்தையும் பார்த்து, இரண்டும் நிறைவேறினால்தான் பிரிக்கலாம் என்று போடுவதே நல்லது. அது மெதுவான வழி என்று திட்ட மேலாளர் சொல்வார். ஆமாம், மெதுவான வழிதான்.

19 மார்ச்

கேள்வி கேட்டவர் புதிய வரைபடத்தை அனுப்பியிருந்தார். உறுதிச்செய்திக் கிளைகள், நிலை வரைபடம், தாமதச் சாட்சிக்கான செயல்முறை எல்லாம் இருக்கின்றன. இன்னும் இரண்டு.

ஒன்று, மின்சாரம் போனால் உங்கள் எல்லா அறைகளின் சென்சாரும் ஒரே நேரத்தில் மீறல் அறிவிக்கும். அறைக்கு ஒரு விசாரணை என்று திறந்தால், திறக்கிற வேலையே ஆளைத் தின்றுவிடும். எச்சரிக்கை மேலாண்மைக்கான ஐஎஸ்ஏ-18.2, ஓர் இயக்குநருக்கு 10 நிமிடத்தில் 10 எச்சரிக்கைக்கு மேல் வந்தாலே வெள்ளம் என்று கணக்கு வைக்கிறது. காரணம் ஒன்று என்றால் விசாரணையும் ஒன்று, அறைகள் அதற்குள் வரிகளாக இருக்கட்டும்.

இரண்டு, அசையாத எண். பல மணி நேரமாக 5.0, 5.0, 5.0 என்றே வந்தால் உங்கள் நிபந்தனைகள் அனைத்தும் திருப்தியாக இருக்கும். நிஜமான குளிர்அறை அப்படி இருக்காது, கம்ப்ரசர் ஓடி நிற்கும் தாளத்துக்கு ஏறி இறங்கும். நேர்கோடு வந்தால் "தெரியவில்லை" நிலைக்குத் தள்ளுங்கள். சோதிக்கும்போதும் எல்லையைத் தாண்டும் எண்களை மட்டும் ஊட்டாமல், பழைய லாகரின் பதிவை எடுத்து அதில் நடுவில் கொஞ்சம் உறையவைத்து, கொஞ்சம் அழித்து, கொஞ்சத்தைத் தாமதமாக அனுப்பி ஓட்டிப் பாருங்கள்.

20 மார்ச்

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, நேற்று அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

சென்சாருக்கே ஒரு செயல்முறை உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் செய்வார்கள். அப்போது சென்சார் ஒன்றரை டிகிரி குறைவாகக் காட்டி வந்திருக்கிறது என்று தெரிந்தால், பராமரிப்பு ஆள் அதைச் சரிசெய்து சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் வேலை முடிந்தது. ஆனால் போன திருத்தத்துக்கும் இதற்கும் இடையில் அந்தச் சென்சாரை நம்பி விடுவித்த சரக்கெல்லாம்? எந்த முடிவு எந்தச் சென்சாரின் எந்த அளவீட்டைப் பார்த்து எடுக்கப்பட்டது என்று ஒவ்வொரு இன்ஸ்டன்ஸிலும் பதிந்திருந்தால்தான் திரும்பிப் போய்த் தேட முடியும். "வெப்பநிலை: சரி" என்று மட்டும் பதிந்திருந்தால் எல்லாச் சரக்கும் சந்தேகத்தில்.

இந்தத் திரும்பிப் பார்க்கும் வேலைக்கு நான் பார்த்த பெரும்பாலான வரைபடங்களில் லேனே (யார் பொறுப்பு என்று காட்டும் பட்டை) இல்லை. நான் தரப்பிரிவின் லேனில் போடுகிறேன். அவர்கள் அதைப் பராமரிப்புப் பிரிவுக்குத் தள்ளுகிறார்கள். பராமரிப்புக்காரர்கள், சரக்கு எங்கே போனது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறார்கள். வியாழக்கிழமை மறுபடி கூட்டம் வைத்திருக்கிறார்கள்.